தண்ணீர் வாரியம் ஆளும் ஊர்

குடியுரிமை வாங்கிய பிறகு தபாலில் வந்த முதல் வாக்குச்சீட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அதிபர் முதல் பள்ளி வாரியம் வரை வரிசையாகப் பெயர்கள். கடைசிப் பக்கத்தில் கழிவுநீர் வாரியத்தின் இயக்குநர் பதவிகள்கூட இருந்தன. மேயரைத்தான் காணோம். நகரமன்ற உறுப்பினரும் இல்லை. ஏதோ ஒரு தாள் விட்டுப்போயிருக்கிறது என்று உறையை மறுபடியும் உதறிப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் விளக்கினார். நாங்கள் குடியிருப்பது சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் உள்ள காஸ்ட்ரோ வேலி. 60,000 பேருக்கு மேல் வசிக்கும் இடம். ஆனாலும் சட்டப்படி அது நகரம் இல்லை. நகரமாக்கலாமா என்று 2002இல் வாக்கெடுப்பு நடத்தினார்கள், மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். அதனால் எங்களுக்கு மேயர் கிடையாது.

அன்று இரவு சிவகங்கைப் பக்கத்தில் இருக்கும் அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவருக்குப் புரியவே இல்லை. “ஊருன்னு ஒண்ணு இருந்தா தலைவர்னு ஒருத்தர் இருக்கணும்லம்மா?” என்றார். கழிவுநீர் வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் மட்டும் தேர்தல் உண்டு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டார்: “அப்ப உங்க ஊருல நீர்க்கட்டிதான் தலைவரா?”

நீர்க்கட்டி என்றால் எங்கள் பக்கத்தில் கண்மாய் மடையைத் திறந்து, முறை வைத்து, வயல்வயலாகத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். அப்பா சும்மாதான் கேட்டார். ஆனால் அவர் கேட்டது போலவே ஓர் ஊர் எங்களிடமிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. பெயர் பொலினாஸ். மரின் கவுண்டியின் பசிபிக் கரையில், சுமார் 1,500 பேர் வாழும் இடம். இந்த ஐந்தாறு வருடங்களில் நாலு தடவை அங்கே போய் வந்திருக்கிறேன். கிடைத்ததையெல்லாம் படித்தும் இருக்கிறேன். ஓர் ஊர் தன்னைத் தானே ஆண்டுகொள்ளக் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்ற கேள்வி என்னை விடவில்லை.

முதலில் இந்த ‘அன்இன்கார்ப்பரேட்டட்’, அதாவது நகரமாகப் பதியாத ஊர் என்ற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் எந்தக் குக்கிராமமும் ஏதாவது ஓர் ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ அடங்கியிருக்கும். கலிபோர்னியாவில் அப்படி இல்லை. மாநிலம் 58 கவுண்டிகளாகப் பிரிந்திருக்கிறது. கவுண்டிக்குள் ஓரிடத்து மக்கள் விண்ணப்பித்து, வாக்களித்து, ‘நாங்கள் நகரம்’ என்று பதிந்துகொண்டால்தான் அவர்களுக்கு மன்றமும் மேயரும் வரிப் பங்கும் கிடைக்கும். கேட்காத இடம் கவுண்டியின் நேரடி ஆளுகையில் கிடக்கும். வரைபடத்தில் பெயர் இருக்கும், தபால் குறியீடு இருக்கும். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அந்த ஊர் தெரியாது.

மரின் கவுண்டியில் பதிவு பெற்ற நகரங்கள் 11. அவற்றில் ஒன்றான பெல்வெடரில் ஏறக்குறைய 2,100 பேர்தான் இருக்கிறார்கள். 1896லேயே பதிந்துகொண்டார்கள், தனி மன்றம் இருக்கிறது. அதைவிட ஒரு சில நூறு பேர் மட்டும் குறைவாக உள்ள பொலினாஸுக்கு அது இல்லை. நிலம், வீடு கட்டும் அனுமதி, காவல் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் சான் ரஃபேலில் இருக்கும் கவுண்டி நிர்வாகத்தின் கையில். கவுண்டிக்கு ஐந்து மேற்பார்வையாளர்கள். 2,60,000 பேருக்கு ஐந்து பேர் என்றால் ஒருவருக்கு 52,000 பேர். பொலினாஸ் அடங்கிய நாலாவது தொகுதியில் மேற்குக் கடற்கரை முழுக்க வந்தாலும் வாக்குகளின் கனம் கிழக்குப் பக்கத்து ஊர்களில்தான். ஊரே திரண்டு ஒரே பக்கம் வாக்களித்தாலும் மேற்பார்வையாளரைத் தோற்கடிக்க முடியாது.

முதல் தடவை போனபோது நாங்கள் வழியைத் தவறவிட்டோம். முதலாம் எண் நெடுஞ்சாலையில் ஸ்டின்சன் பீச்சைத் தாண்டி, காயலை ஒட்டியே போய், காயல் முடிகிற இடத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அங்கே பலகை கிடையாது. வைத்த பலகைகளையெல்லாம் ஊர்க்காரர்கள் இரவோடு இரவாகக் கழற்றிக்கொண்டு போனார்கள். எத்தனை தடவை வைத்தாலும் இதே கதைதான். கடைசியில் 1989இல் வாக்கெடுப்பே நடந்தது. பலகை வேண்டாம் என்று ஊர் வாக்களித்தது, அன்றிலிருந்து வைப்பதில்லை. பொலினாஸ் என்றாலே பலரும் இந்தப் பலகைக் கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. பலகையை யாரும் கழற்றலாம். தண்ணீரை வைத்து அவர்கள் செய்தது அப்படி எளிதான காரியம் இல்லை.

அதற்கு அந்த மண்ணின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். காயலைச் சுற்றி ஆதியில் வாழ்ந்தவர்கள் கடற்கரை மிவோக் மக்கள். சிப்பியும் மீனும் ஓக் மரத்துக் கொட்டையும் அவர்கள் உணவு. ஸ்பானியக் கிறித்தவ மிஷன்கள் அவர்களை இழுத்துக்கொண்டுபோய் நோய்க்கும் கட்டாய வேலைக்கும் இரையாக்கின. 1846இல் மெக்சிகோ அரசு இந்த நிலத்தை ‘லாஸ் பவுலினஸ்’ என்ற பெயரில் கிரகோரியோ பிரியோனஸ் என்பவருக்கு மானியமாகக் கொடுத்தது. ஊரின் பெயரில் இன்றும் அதன் எதிரொலி இருக்கிறது. நாலே வருடத்தில் கலிபோர்னியா அமெரிக்க மாநிலமானது. தங்கத்துக்காக ஓடிவந்த கூட்டத்தால் சான் பிரான்சிஸ்கோ வீங்கியது. வீடு கட்ட மரம் வேண்டும். காயலுக்கு மேலே இருந்த ரெட்வுட் மரக் காடுகள் 1850களில் வெட்டப்பட்டுப் பாய்மரக் கப்பல்களில் தெற்கே போயின. மரம் போன சரிவிலிருந்து மண் கரைந்து காயலுக்குள் இறங்கியது. கப்பல் வந்து நின்ற துறை தூர்ந்துபோனது. கண்மாய்க்கரையில் வளர்ந்தவளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு காயலின் ஊடாகவே ஓடுகிறது. 1906 நிலநடுக்கத்தில் படகுத்துறைத் தெருவின் கட்டடங்கள் சில காயலோரம் சரிந்தன. 1913-14இல் மார்க்கோனியின் கம்பெனி கடலைப் பார்த்த மேட்டில் பசிபிக்கைத் தாண்டிச் செய்தி அனுப்பும் கம்பியில்லாத் தந்தி நிலையத்தைக் கட்டியது.

எனக்கு முக்கியமாகத் தோன்றும் வருடம் 1927. ஊருக்கு மேலே ‘மேசா’ என்று ஒரு சமதள மேடு இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் ‘புல்லட்டின்’ நாளிதழ் சந்தா பிடிப்பதற்காக அந்த மேட்டைக் கட்டம் கட்டமாக வெட்டி விற்றது. ஒரு மனை 20 அடிக்கு 100 அடி, விலை 69 டாலர் 50 சென்ட். நம் கணக்கில் ஒரு கிரவுண்டுக்கும் குறைவு. ஆயிரக்கணக்கான துண்டுகள். நகரத்தில் உட்கார்ந்தபடியே, இடத்தைப் பார்க்காமலே வாங்கியவர்கள் நிறைய. சாலை ஒழுங்காகப் போடவில்லை, சாக்கடைக்கு வழியில்லை. தண்ணீர் எங்கிருந்து வரும் என்று யாரும் யோசித்ததாகவும் தெரியவில்லை. தமிழ்நாட்டில் நெடுஞ்சாலையோரப் பொட்டலில் கலர்க்கொடி நட்டு மனை விற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழகியதுதான். வித்தியாசம் ஒன்று உண்டு: அந்த மனைகளில் பெரும்பகுதி பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தது. 1960களில் நகரத்துக்காரர்களின் பார்வை கடற்கரைப் பக்கம் திரும்பியபோது, காகிதத்தில் தூங்கிக்கொண்டிருந்த அந்த மனைகள் அத்தனையும் ஒன்றாக விழித்துக்கொள்ளும் நிலை வந்தது.

அதே சமயத்தில் வேறு திட்டங்களும் வந்தன. காயலைத் தோண்டி உல்லாசப் படகுத்துறை கட்டுவது, மலையைக் குடைந்து அகலச் சாலை போடுவது. இயற்கை ஆர்வலர்கள் நிலத்தை விலைக்கு வாங்கியே தடுத்தார்கள். கொக்குகள் கூடு கட்டும் பள்ளத்தாக்கை 1962இல் ஆடுபான் அமைப்பினர் வாங்கினார்கள். படகுத்துறைக்குக் குறித்திருந்த கென்ட் தீவு 1967இல் வாங்கப்பட்டுக் கவுண்டிக்குப் பூங்காவாகக் கொடுக்கப்பட்டது. ஆனால் ஊரின் மேட்டில் இருந்த ஆயிரக்கணக்கான மனைகளை யாரால் வாங்க முடியும்?

இங்கேதான் தண்ணீர் வாரியம் வருகிறது. நகரமாகப் பதியாத இடங்களுக்குக் கலிபோர்னியாவில் ஒரு வழி உண்டு. ஒரே ஒரு வேலைக்கென்று, அல்லது இரண்டு மூன்று வேலைகளுக்கென்று, மக்கள் ஒரு வாரியம் அமைத்துக்கொள்ளலாம். பொலினாஸில் தீயணைப்புக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, தண்ணீர், சாக்கடை, குப்பை, வடிகாலுக்கு ஒன்று. இந்த மூன்றாவதுதான் பொலினாஸ் சமூகப் பொதுப்பயன்பாட்டு வாரியம். முன்பு கீழூருக்கும் மேட்டுக்கும் தனித்தனியாக இருந்த இரண்டு வாரியங்கள் 1967இல் ஒன்றாகின. ஐந்து இயக்குநர்கள், ஊர்க்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர்கள். குழாய் போடவும் கட்டணம் வசூலிக்கவும் உண்டான வாரியம் அது. வீடு கட்ட அனுமதி கொடுக்கும் அதிகாரம் அதற்கு ஒரு சொட்டும் கிடையாது.

1971 ஜனவரி 18 விடியற்காலையில் கடும் மூடுபனியில் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் கோல்டன் கேட் பாலத்துக்கு அருகே மோதிக்கொண்டன. 8 லட்சம் காலன் அளவுக்கு எண்ணெய் கடலில் கொட்டியது. அலை அதை வடக்கே தள்ளிக்கொண்டு வந்தது. காயலுக்குள் புகுந்துவிட்டால் பறவை, மீன், சிப்பி எதுவும் மிஞ்சாது. பொலினாஸ்காரர்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. கையில் கிடைத்த மரக்கட்டைகளையும் வலைகளையும் பிணைத்து, காயலின் வாயில் குறுக்கே தடுப்புக் கட்டினார்கள். வைக்கோலைப் பரப்பி எண்ணெயை ஊறவைத்து அள்ளினார்கள். நகரத்திலிருந்து நூற்றுக்கணக்கான இளைஞர்கள் உதவிக்கு வந்தார்கள், எண்ணெயில் நனைந்த பறவைகளைக் கையில் ஏந்திக் கழுவினார்கள். காயல் பிழைத்தது. வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை. மேட்டிலேயே வீடு பிடித்து, வாக்காளர்களாகப் பதிந்துகொண்டார்கள்.

அந்த வருடமே தண்ணீர் வாரியத்தில் பெரும்பான்மை மாறியது. அதுவரை கீழூரின் சாக்கடை சுத்திகரிக்கப்படாமலே காயல் முகத்தில் கலந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தியே ஆக வேண்டும் என்று மாநிலம் நெருக்கியது. பழைய திட்டம், பக்கத்து ஊரையும் சேர்த்துப் பெரிய சுத்திகரிப்பு நிலையம் கட்டி, கடலுக்குள் குழாய் விடுவது. கொள்ளளவு பெரிதானால் செலவும் பெரிதாகும். அந்தக் கடனை அடைக்க வீடுகள் பெருக வேண்டும். புதிய வாரியம் அதைக் கைவிட்டது. சாக்கடையை மேட்டுக்கு ஏற்றி, திறந்த குளங்களில் தேக்கி, பாக்டீரியாவும் வெயிலும் காற்றும் சுத்தம் செய்ய விட்டு, பிறகு வயலில் தெளிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1975 வாக்கில் அது ஓடத் தொடங்கியது. இப்போதும் ஓடுகிறது.

அதற்கு முன்பே, 1971 நவம்பரில், இன்னொரு முடிவு எடுத்தார்கள். அதற்குக் கணக்கு எளிது. ஊருக்கான தண்ணீர் அரோயோ ஹோண்டோ என்ற ஒரு சின்ன ஓடையிலிருந்து வருகிறது. மழை குளிர்காலத்தில் மட்டும். கோடை முழுக்க அந்த ஓடையும் சில சின்ன நீர்த்தேக்கமும்தான். இருக்கிற வீடுகளுக்கே வறட்சியில் இழுபறி. ஆகவே புதிய இணைப்பு கிடையாது, புதிய மீட்டர் கிடையாது. நெருக்கடி தீரும்வரை என்று போட்ட அந்தத் தடை 50 வருடங்களைத் தாண்டியும் விலகவில்லை. ஊரில் உள்ள மீட்டர்கள் ஏறக்குறைய 580. 580ஆகவே இருக்கின்றன.

மீட்டர் இல்லாமல் கவுண்டி கட்டட அனுமதி தராது. ஆகவே நிலத்தின் மீது எந்த அதிகாரமும் இல்லாத வாரியம், ஊர் எவ்வளவு பெரிதாகலாம் என்பதைத் தீர்மானித்துவிட்டது. மனை வைத்திருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 69 டாலர் கொடுத்தவர்களின் பிள்ளைகளும், அவர்களிடமிருந்து பல மடங்கு விலைக்கு வாங்கியவர்களும் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 1990இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை செல்லும் என்றது. நாளைக்கு இணைப்பு கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு ஒருவருடைய சொத்து ஆகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அந்த வாரியத்தின் கூட்டங்கள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே பொருள்நிரலை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்பது மாநிலச் சட்டம். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். சில மாதங்களின் நிரல்களை வரிசையாகப் படித்திருக்கிறேன். மழையளவு எவ்வளவு, தேக்கத்தில் எத்தனை அடி, எந்தத் தெருக் குழாயில் கசிவு. இயக்குநரும் பேச வந்தவரும் ஒரே மளிகைக்கடையில் நிற்கிறவர்கள். அந்த ஊரில் கீழூர்ப் பலசரக்குக் கடைக்கும் மதுக்கடைக்கும் நடுவே இருபது நிமிடம் நின்றால் ஊர்ச் செய்தி அத்தனையும் காதில் விழும். 1974இல் தொடங்கிய ‘ஹியர்சே நியூஸ்’ என்று உள்ளூர்த் தாள் வேறு இருக்கிறது. யார் எதை எழுதிக் கொடுத்தாலும் போடுவார்கள்.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு விலை உண்டு. அதை மறைத்துப் பேசினால் நான் நேர்மையாக எழுதினவள் ஆகமாட்டேன். 2005இல் ஒரு மீட்டர் ஏலத்துக்கு வந்தது. நிலம் இல்லை, வீடு இல்லை, தண்ணீர் இணைப்புக்கான உரிமை மட்டும். 3,10,000 டாலருக்குப் போனது. வீடுகளின் எண்ணிக்கை நின்றுபோன ஊரில் விலை மட்டும் ஏறியது. எண்ணெயை அள்ள வந்து தங்கியவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே வீடு வாங்க வழியில்லை. பள்ளியில் பாடம் சொல்லித்தருகிறவரும் பண்ணையில் கீரை அறுக்கிறவரும் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவரும் மலைப்பாதையில் தினம் வண்டி ஓட்டி வருகிறார்கள், இல்லையென்றால் கூடார வண்டிகளில் ஒண்டிக்கொள்கிறார்கள். வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடுகளிலும் மீட்டர் இருக்கிறது. வார இறுதி வாடகைக்கு விடும் வீடுகளிலும் இருக்கிறது. வாரியத்தால் மீட்டரின் எண்ணிக்கையைத்தான் கட்டுப்படுத்த முடிந்தது. அந்த மீட்டருக்குப் பின்னால் யார் குடியிருக்கலாம் என்பதில் அதற்கு ஒரு பேச்சும் இல்லை. அது கவுண்டியின் கையில். புதிய குறுகியகால வாடகை வீடுகளுக்கு மேற்கு மரினில் கவுண்டி இரண்டாண்டுத் தடை போட்டது 2022 மே மாதத்தில்தான். அதற்குள் ரொம்ப வருடம் ஓடிவிட்டது.

1983இல் தொடங்கிய ஊர் நில அறக்கட்டளை ஒன்று இதற்கு எதிர்ப்பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. விற்பனைக்கு வரும் பழைய இடங்களை, மீட்டரோடு, வாங்கி வாழ முடிகிற வாடகைக்கு விடுகிறார்கள். நிலத்தைத் திரும்ப விற்பதில்லை. மெதுவான வேலை. நான் அந்த ஊரில் இருந்தால் இதில்தான் சேர்ந்திருப்பேன்.

2023 மார்ச்சில் ஊரின் அஞ்சலகம் மூடப்பட்டது. குத்தகைத் தகராறு. அங்கே வீட்டுக்கு வீடு தபால் வராது, எல்லோரும் அஞ்சலகப் பெட்டியில்தான் எடுக்க வேண்டும். மருந்து, ஓய்வூதியக் காசோலை, வாக்குச்சீட்டு எல்லாவற்றுக்கும் பக்கத்து ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. ஊர்வலம் போனார்கள், நூற்றுக்கணக்கில் கடிதம் எழுதினார்கள், பாட்டுக்கூடக் கட்டினார்கள். ஊர் சார்பில் வாஷிங்டனுக்கு எழுத மேயர் என்று ஒருவர் இல்லை. தண்ணீர் வாரியத்தின் கை அவ்வளவு தூரம் எட்டாது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மனசு கனத்தது. 580 மீட்டரை 50 வருடம் பிடித்துவைத்த ஊரால் ஓர் அஞ்சலகத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை.

கடைசித் தடவை போனது 2021 கோடையில். மழை பொய்த்த வருடம். தேக்கம் இன்னும் இறங்கினால் ஓர் இணைப்புக்கு ஒரு நாளைக்கு 129 காலன் மட்டும் என்று கட்டாய அளவு வரும் என வாரியம் வருடத் தொடக்கத்திலேயே அறிவித்திருந்தது. மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. ஊர்க்காரர்கள் அதற்குக் காத்திராமல் தாமாகவே குறைத்துக்கொண்டார்கள். துணி துவைத்த தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மாவை வேலி ஓரமாகப் பார்த்தேன். என் அம்மாவும் அப்படித்தான் செய்வாள்.

வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் காலை, நடைபாதை ஓரத்தில் இருந்த எங்கள் மீட்டரின் மூடியை முதன்முறையாகத் திறந்து பார்த்தேன். சிலந்தி கூடு கட்டியிருந்தது. எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த நாள் அதே நேரத்துக்கு மறுபடியும் பார்த்துக் கழித்தேன். நாங்கள் நாலு பேர். ஒரே நாளில் 212 காலன்.

அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். காலன் கணக்கெல்லாம் தனக்குத் தெரியாது என்றார்.

“குடத்துல சொல்லும்மா. எத்தனை குடம்?”

குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 53 குடம்.